அச்சில் வராத அக்டோபர் இதழ்

கெசையா டனிக்ளிஃப் தட்டில் எழுதிய ரோஜாவை ஒருவரும் ரோஜா என்று சொன்னதில்லை. பெருந்தன்மைக்காரர்கள் முட்டைக்கோஸ் என்றார்கள். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் தட்டைத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊரில், இனாக் ஹல்மின் பீங்கான் ஆலையில், தூரிகையால் பூ எழுதும் கொட்டகையில் அவளுக்கு வேலை. கொட்டகைக்கு நடுவே நீளமான ஒரு பலகை. அதன் இரு பக்கமும் பெண்கள். வெள்ளைத் தட்டு இடப்பக்கம் இருந்து வரும், பூத்த தட்டு வலப்பக்கம் போகும். கெசையாவிடம் வந்த தட்டு மட்டும் அங்கேயே நின்றுவிடும். இவ்வளவு கோணல் கையை ஏன் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. மாதத்தின் முதல் நாள் வரட்டும், தெரியும் என்பார்கள் பழையவர்கள்.

மாதத்தின் முதல் நாள்தான் ஆம்ப்ரோஸ் வெதராலின் தொடர்கதை வரும். செங்கல் நிற அட்டை போட்ட மெல்லிய இதழ். பலகைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பிரதி வாங்குவார்கள். அவர்களில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் கெசையா ஒருத்திதான். மெதடிஸ்ட் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றது. வெறுமனே படிக்கமாட்டாள். கதையின் வில்லன் சர் கைல்ஸ் கிரேக் பேசினால் அவள் மூக்கிலிருந்து ஒரு குரல் வரும். கதாநாயகி லெட்டிஸ் அழுதால் பலகையே மூக்கை உறிஞ்சும். நாய் குரைக்கும் இடம் வந்தால் வாசலில் நிற்கும் வண்டிக் குதிரை காதை நிமிர்த்தும்.

பலகையின் மூத்தவள் ஹன்னா ப்ளூர்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தவள். "நீ படி, வாத்தே. உன் தட்டை நாங்க பாத்துக்கறோம். உன் முட்டைக்கோஸைப் பாத்துப் பாத்து எங்களுக்குப் பசி எடுக்குது."

பர்ஸ்லத்தில் எல்லோரும் எல்லோருக்கும் வாத்துதான். புருஷன் பெண்டாட்டியை வாத்தே என்பான். கரிக்காரன் பாதிரியார் மனைவியை வாத்தே என்பான். கோபத்தில் அடிக்கப் போகிறவன்கூட "தள்ளி நில்லு, வாத்தே" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பான்.

கொட்டகை மேற்பார்வைக்காரர் ஜபெஸ் சால்ட்டுக்கு இந்த வாசிப்பு பிடிக்காது. ஆனால் வாசிப்பு நடக்கும் நாட்களில் தட்டுகள் அதிகம் நகர்ந்தன. அதனால் ஒரு சட்டம் போட்டார். "கை ஓடுற வரைக்கும் வாய் ஓடட்டும். என்னிக்கு உன் வாய்க்கு வேலை இல்லையோ, அன்னிக்கு உன் கைக்கு வேறே வேலை பாக்கறேன். முக்கற கொட்டகையில ஆள் குறையுது."

முக்கும் கொட்டகை என்றதும் கெசையா அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அங்கேதான் பீங்கானை ஈயக் குழம்பில் முக்கிப் பளபளப்பு ஏற்றுவார்கள். ஈயம் கையோடு வீட்டுக்கு வரும். முதலில் ஈறில் நீலக் கோடு ஓடும். பிறகு மணிக்கட்டு தொங்கிப்போகும். அங்கே வேலை செய்த ஹன்னாவின் தங்கை இப்போது வலது கையை இடது கையால்தான் தூக்கி மேஜைமேல் வைக்கிறாள். பூ எழுதும் சாயத்திலும் கொஞ்சம் ஈயம் உண்டு. பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார்கள். அதே பலகையில், அதே கையோடு, பாலாடைக்கட்டி மடித்த ஓட்ஸ் அடையைத் தின்பார்கள். கை கழுவ வேண்டுமானால் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு முற்றம் தாண்டிப் போகவேண்டும். போய்த் திரும்புவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். கொட்டகைப் பக்கம் ஒரு தொட்டியும் ஒரு அடிகுழாயும் கேட்டு இருமுறை முதலாளியிடம் போனார்கள். "பக்கத்துலதான் கால்வாய் ஓடுதே" என்று சிரித்து அனுப்பிவிட்டார் ஹல்ம்.

வெதராலைப் பற்றிப் பேசாமல் அந்தப் பலகையில் ஒரு நாள் போகாது. ஆளைப் பார்த்ததில்லை, ஆனால் அடுத்த வீட்டுக்காரரைப் போலத் தெரியும். அப்பா ஒரு கோயில் குமாஸ்தா, குடிகாரர். மகன் வக்கீல் அலுவலகத்தில் நகலெடுத்து வளர்ந்தவர். பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இல்லை, பெண்டாட்டியின் பூனையோடு மட்டும் உண்டு. தனியார் பைத்தியக்கார விடுதிகளைப் பற்றி முதல் கதை எழுதினார். அது முடிவதற்குள் ஒரு விடுதிக்காரன் சாவியைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். அடுத்தது தையல்காரிகளைப் பற்றி. அந்த ஒரு வருஷம், தையல்காரிகள் ராத்திரி தூங்கட்டும் என்று, லண்டன் சீமாட்டிகள் கவுனுக்கு ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி அனுப்பினார்களாம். பிறகு பாலில் சுண்ணாம்பு கலப்பவர்களைப் பற்றி மூன்று பாகம். அதைப் படித்த பிறகு தேநீரில் பால் விடுமுன் மோந்து பார்க்காத வீடு கிடையாது.

"பாலுக்கு மூணு பாகம் எழுதினவர் தட்டுக்கு ஒரு பக்கம் எழுதக் கூடாதா?" என்பாள் ஹன்னா. "அவர் எதுல சாப்பிடறார்? உள்ளங்கையிலயா?"

"நம்மளைப் பத்தி எழுத என்ன இருக்கு, வாத்தே?" என்பாள் போன வசந்தத்தில் கல்யாணமான தீர்சா மேச்சின். "காலையில வந்தா, சாயந்திரம் போனா. அவ்வளவுதான் கதை."

"நடுவுல நீ உன் புருஷனைப் பத்திப் பேசறதை எழுதினா அதுவே ரெண்டு பாகம் வரும்."

அந்த அக்டோபர் முதல் தேதி கெசையா வழக்கம்போல லீஸின் புத்தகக் கடைக்குப் போனாள். செங்கல் நிற அட்டை இல்லை. அதன் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ஆசிரியர் கடற்கரையில் சவாரி செய்கையில் விழுந்து வலது கை முறிந்தபடியால் இம்மாத இதழ் வெளிவராது என்று அச்சடித்திருந்தது.

"குதிரையா?" என்று கேட்டாள் கெசையா.

"கழுதை," என்றார் லீஸ். "குதிரைன்னா கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும். பதிப்பாளர்கள் அதனாலதான் மிருகத்தோட பேரைப் போடலை."

கெசையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணுக்குள் முக்கும் கொட்டகை நின்றது. அன்று வாய்க்கு வேலை இல்லையென்றால் சால்ட் சொன்னதைச் செய்கிறவர். அவள் மாமாவிடமிருந்து எதற்கோ வாங்கிவந்த குதிரை வைத்தியப் புத்தகம் ஒன்று கூடையில் கிடந்தது. ஏறக்குறைய அதே அளவு. கூடவே இருந்த செப்டம்பர் இதழின் அட்டையைக் கழற்றினாள். குதிரை வைத்தியத்துக்கு அதைப் போர்த்தினாள். யாருக்கும் படிக்கத் தெரியாது, சால்ட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. ஒரே ஒரு நாள், கையில் கட்டுப் போட்டவர் எழுந்து உட்காரும்வரை, என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் குளம்பு அழுகலுக்கு மருந்து இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கெசையா கதையை எடுத்தாள். சர் கைல்ஸிடமிருந்து தப்பி லெட்டிஸ் கோச்சு வண்டியில் வடக்கே போகிறாள். மழை. சக்கரம் உடைகிறது. ஒதுங்க இடம் தேடினால் எதிரே புகை கக்கும் சூளைகள், ஒரு பீங்கான் ஆலை.

பலகையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அந்த மூச்சுதான் அவளைக் கெடுத்தது. அதற்குப் பிறகு வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. லெட்டிஸ் உள்ளே வருகிறாள். பெண்கள் சாயக் கையோடு அடை தின்பதைப் பார்க்கிறாள். மணிக்கட்டு தொங்கிய ஒருத்தி எழுந்து வணங்க முயல்கிறாள். லெட்டிஸ் தன் பட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் கையைப் பிடிக்கிறாள். "பயப்படாதே, வாத்தே, உட்காரு," என்கிறாள். பிறகு முதலாளியின் அறைக்குப் போகிறாள். கொட்டகை ஓரத்தில் கல்தொட்டி, அடிகுழாய், சோப்பு, சாப்பிடக் கதவு வைத்த தனி அறை, அந்த அறையில் தேநீர் சூடாக்க ஒரு கணப்பு. அவர் மறுக்கிறார், இவள் பேசுகிறாள், அவர் மேஜையில் தலை கவிழ்ந்து அழுகிறார்.

நடுவே ஒருமுறை ஹன்னா பலமாக இருமினாள். தீர்சா உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். எல்லாம் கதையின் உருக்கம் என்று நினைத்துக்கொண்டாள் கெசையா. படித்து முடித்ததும் வாசலில் நின்ற சால்ட்கூட மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று அன்று வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் ஹன்னா மேலங்கியைக் கழற்றவே இல்லை.

"கிளம்புங்கடி. முதலாளிகிட்டப் போறோம். கெசையா, நீயும் வா."

"எதுக்கு?"

"எதுக்கா? வெதரால் ஐயாவே எழுதிட்டார். இனிமே என்ன?"

கெசையா பலகையைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஹல்ம் தன் அறையில் மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு பெரிய வியாபாரிக்குத் தேநீர்க் கோப்பைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். கால்வாய் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹன்னா முந்திக்கொண்டாள்.

"லெட்டிஸ் அம்மா சொன்ன அதே தொட்டிதான் கேக்கறோம், ஐயா."

"எந்த லெட்டிஸ்?"

"வெதரால் ஐயா கதையில. இந்த மாசத்துது ஐயா இன்னும் படிக்கலையா?"

ஹல்ம் பர்ஸ்லம் வாசகர் சங்கத்தின் தலைவர். ஆண்டு விருந்தில் இலக்கியத்தைப் பற்றி நீளமாகப் பேசுகிறவர். மான்செஸ்டர் வியாபாரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"படிக்காம இருப்பேனா?" என்றார் ஹல்ம். "வந்த அன்னிக்கே முடிச்சிட்டேன்."

"அந்த முதலாளி மேஜையில கவுந்து அழற இடம், ஐயா?"

"அழுதுட்டேன். என் சம்சாரம் பாத்தா."

"அடடே," என்றார் வியாபாரி. "நான் ரெண்டு மாசமாப் படிக்கலை. அப்ப இங்கே தொட்டி எப்ப வருது, மிஸ்டர் ஹல்ம்?"

ஹல்ம் வியாபாரியைப் பார்த்தார், கோப்பைகளைப் பார்த்தார். "கல்தச்சனை வரச் சொல்லியிருக்கேன்," என்றார். அன்று மத்தியானம்தான் சொல்லி அனுப்பினார்.

முற்றத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பெண்கள் பாடிக்கொண்டு வேலை செய்தார்கள். கெசையா மட்டும் ஓட்ஸ் அடையைத் தின்னாமல் மடித்து வைத்தாள். அந்தத் தொட்டியின் அடியில் கல் இல்லை, தன் பொய்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பொய் வெளியானால் முதலாளி தொட்டியை மூடுவார், தன்னைத் துரத்துவார். தன்னைத் துரத்துவதுகூடப் பரவாயில்லை. ஹன்னாவின் தங்கை சின்ன மகளைப் பூ எழுதும் கொட்டகைக்கு அனுப்பச் சம்மதித்ததே தொட்டி வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான்.

நவம்பரில் உண்மையான இதழ் வந்தது. அதில் லெட்டிஸ் நேப்பிள்ஸில் எலுமிச்சைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பர்ஸ்லத்துலேருந்து நேப்பிள்ஸுக்கு எப்படிப் போனா, வாத்தே?" என்று ஹன்னா தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கப்பல்ல."

"நம்ம கால்வாய் வழியாவா?"

"கொஞ்ச தூரம்," என்றாள் கெசையா பலவீனமாக. பலகையின் மறு கோடியில் யாருக்கோ புரையேறியது.

டிசம்பரில்தான் இடி விழுந்தது. முறிந்த கை கூடிய வெதரால் ஊர் ஊராகப் போய் மேடையில் தம் கதைகளைப் படித்துக்காட்டக் கிளம்பியிருந்தார். பக்கத்து ஊரான ஹான்லிக்கு வருகிறார் என்றதும் ஹல்ம் ஒரு அழைப்பு அனுப்பினார். தங்கள் நாவலின் பயனாக எழுந்த தண்ணீர்த் தொட்டியைத் தாங்களே வந்து திறந்து வைக்கவேண்டும் என்று. இப்படிப்பட்ட அழைப்புகள் வெதராலுக்கு வாரம் ஒன்றாவது வரும். எந்த நாவல், எந்தப் பயன் என்று அவர் கேட்கவில்லை. மதிய உணவு உண்டா என்று மட்டும் கேட்டு எழுதினார்.

செய்தி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் கெசையா எழுந்து நின்றாள்.  இத்தனை குரல் பேசுகிறவளுக்குச் சொந்தக் குரல் வரவில்லை.

"அக்டோபர் இதழ்னு ஒண்ணு இல்லை. அவர் கழுதையிலேருந்து விழுந்துட்டார். அன்னிக்கு நான் படிச்சது எல்லாம் நானாச் சொன்னது."

யாரும் அதிரவில்லை. தீர்சா பாலாடைக்கட்டியை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் ஹன்னா.

"எப்படி?"

"லண்டன் சீமாட்டி, பட்டுக் கையுறை போட்டவ, நம்மளைப் பாத்து வாத்தேன்னா கூப்பிடுவா? லண்டன்ல வாத்துன்னா வறுத்துத் திங்கறது. நான் இருமி இருமிச் சிரிப்பை அடக்கினேன், என் விலா எலும்பு கழண்டு போச்சு."

"நான் நாக்கைக் கடிச்சதுல ஒரு வாரம் சூடாத் தேநீர் குடிக்கலை," என்றாள் தீர்சா.

"தெரிஞ்சும் முதலாளிகிட்டப் போனீங்களா?"

"தெரிஞ்சதாலதான்டி போனோம். வெதரால் எழுதறதுக்குக் காத்திருந்தா என் மணிக்கட்டும் தொங்கிடும். அவர் பேரை நீ எடுத்துக்கிட்ட, நாங்க உன் பேரைக் காப்பாத்தினோம். இப்ப அவர் வந்து என்ன சொல்லப் போறார், அதுதான் தெரியலை. நீ வாயைத் திறக்காம நில்லு."

திறப்பு நாள் அன்று குளிரில் அடிகுழாயின் மூக்கில் பனிக்கட்டி தொங்கியது. யாரோ வைக்கோல் கொளுத்தி அதை உருக்கினார்கள். ஆலை ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் கூடியிருந்தார்கள். மான்செஸ்டர் வியாபாரியும் வந்திருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் பென்சிலை நாக்கில் தொட்டுத் தயாராக நின்றார். வெதரால் நினைத்ததைவிடக் குள்ளம். பெரிய கம்பளிக் கழுத்துப்பட்டைக்கு மேலே சிவந்த ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது.

ஹல்ம் நன்றாகத்தான் பேசினார். பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் இதயத்தைத் தொட்ட அந்த அக்டோபர் அத்தியாயத்தை ஆசிரியரே தம் வாயால் படிப்பார்," என்று முடித்தார். தம் வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த செங்கல் நிற இதழ்க் கட்டையும் நீட்டினார்.

"அக்டோபரா?" என்றார் வெதரால். "அக்டோபர்ல இதழே வரலையே. நான் கையில கட்டோட படுத்திருந்தேன்."

 வெதரால் இதழ்க் கட்டைப் பிரித்து ஒன்றைப் புரட்டப் பார்த்தார். பக்கங்கள் புரளவில்லை. அச்சகத்தில் மடித்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தி போட்டு ஓரத்தை வெட்டினால்தான் படிக்கமுடியும். அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே.

"மிஸ்டர் ஹல்ம்," என்றார் அவர் மெல்ல. "ஒண்ணைக்கூட வெட்டலையே."

மான்செஸ்டர் வியாபாரி குனிந்து தம் காலணியின் கயிற்றைக் கவனித்தார். ஹல்மின் முகம் சூளையிலிருந்து எடுத்த செங்கல்லாயிற்று. கோபம் போக ஓர் இடம் தேடியது.

"யார் சொன்னது அந்தக் கதையை? யார்? சால்ட்! அந்தக் குழாயைக் கழட்டு. குழியை மூடு!"

ஹன்னா கெசையாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கெசையா நிற்கவில்லை.

"நான்தான், ஐயா. இவங்க மேல தப்பில்லை. குழாயைக் கழட்டாதீங்க, என்னை அனுப்பிடுங்க." பிறகு வெதரால் பக்கம் திரும்பினாள். "உங்க பேரைத் திருடிட்டேன், ஐயா. என்ன செய்ய? கெசையா டனிக்ளிஃப் தண்ணி கேட்டா கால்வாய் இருக்குன்னாங்க. லெட்டிஸ் கேட்டதா சொன்னேன், கல்லே வந்துடுச்சு."

வெதரால் கழுத்துப்பட்டையை இறக்கினார். மூக்குக்குக் கீழே ஒரு வாயும் இருந்தது. அது சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் தொட்டியைப் பார்த்தார். பெண்களின் கைகளைப் பார்த்தார். பத்திரிகைக்காரரின் பென்சிலையும் பார்த்தார். தாம் எழுதாத ஒன்றுக்காகப் புகழப்படுவதா, தம் கண் முன்னால் ஒரு குழாயைக் கழற்றவிட்டுப் போவதா என்று எடை போட்டிருக்கவேண்டும்.

"லெட்டிஸ் இங்கே வந்தாளா?" என்று கேட்டார். "அவளை நேப்பிள்ஸ்ல விட்டுட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம நான் முழிச்சிட்டிருக்கேன். வந்து என்ன பண்ணினா? சொல்லும்மா."

ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கெசையா சொன்னாள். கையில் அட்டையும் இல்லை, குதிரை வைத்தியமும் இல்லை. முதலில் தடுமாறினாள். சக்கரம் உடைந்ததும் குரல் வந்துவிட்டது. கையுறை கழற்றும் இடத்தில் வெதரால் கையை உயர்த்தினார்.

"அதென்ன, வாத்தே?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. முக்கும் கொட்டகை ஆண்கள்கூடச் சிரித்தார்கள்.

"மரியாதைதான், ஐயா," என்றாள் ஹன்னா. "உங்களையும் கூப்பிடலாம்."

"அச்சுல அது வேண்டாம்னு நினைக்கறேன்."

"எடுத்தா நாங்க வாங்கமாட்டோம், வாத்தே."

வெதரால் எழுந்தார். பத்திரிகைக்காரரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எழுதிக்கோங்க. இந்த அத்தியாயம் ஜனவரியில வருது. இங்கிலாந்துல எத்தனையோ பேர் என் கதையைப் படிச்சுட்டு நல்லது செஞ்சிருக்காங்க. நான் எழுதறதுக்கு முன்னாலேயே செஞ்சவர் இவர் ஒருத்தர்தான்."

இது புகழ்ச்சியா, குத்தலா என்று ஹல்முக்குப் பிடிபடவில்லை. அரைக் கண்ணால் குழாயைப் பார்த்தார். சால்ட் கையில் திருகுச் சாவியோடு, கழற்றவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் பணிவோடு கேட்டார்.

"ஐயா பேரை எப்படி எழுதணும்?"

ஹல்ம் நீண்ட மூச்சு விட்டார். "ஹல்ம். கடைசியில ஒரு எழுத்து உண்டு, உச்சரிக்கமாட்டாங்க, ஆனா விட்டுடாதீங்க. சால்ட், அதை வச்சுக்கிட்டு என்ன முழிக்கற? தண்ணியை அடி!"

சால்ட் அடித்தார். குழாய் இருமியது, செருமியது, பிறகு கொட்டியது. முதலில் யார் என்று யாரும் முடிவு செய்யவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் கையை விட்டார்கள். ஹன்னாவின் தங்கையை யாரோ முன்னால் தள்ளினார்கள். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கித் தண்ணீருக்குள் விட்டாள். "ஐயோ, என்ன குளிர்!" என்று சத்தமாகச் சிரித்தாள். அடுத்து அவள் மகள். வெதரால் மை படிந்த விரல்களை நீட்டி, சோப்பு கேட்டார்.

ஜனவரி இதழில் அந்த அத்தியாயம் வந்தது. ஆனால் பலகைக்குத் திருப்தியில்லை. லெட்டிஸ் மூன்று பக்கம் பேசினாள், இரண்டு முறை மயங்கி விழுந்தாள். தொட்டி எங்கோ மூலையில் கிடந்தது. "இவருக்கு ஒண்ணும் தெரியலை, நீ பழையதையே சொல்லு," என்றாள் ஹன்னா. அதற்குப் பிறகு கெசையாவின் பிழைப்பு அதுதான். பூ எழுதச் சொல்லி அவளை யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஐம்பது தாண்டி, தலை நரைத்த பிறகு ஒரு படகுக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அவளை மணந்ததே சர் கைல்ஸ் குரலுக்காக என்று ஊரில் சொல்வார்கள். தட்டுகள் நகர நகர அவள் படித்தாள். பலகைப் பெண்கள் கழுவிய கையோடு, பத்திரிகையில் பேர் வந்த பிறகு ஹல்ம் கட்டிக்கொடுத்த கதவு வைத்த அறையில் சாப்பிட்டார்கள், கிழவிகளானார்கள், சண்டை போட்டார்கள்.

மற்ற ஆலைகளிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருமுறை லாங்டனிலிருந்து ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றாள். அவர்கள் ஆலையில் தொட்டி கிடையாதாம், அந்த அக்டோபர் இதழ் கிடைத்தால் முதலாளியிடம் கொண்டுபோவாளாம். லீஸ் கடையில் கேட்டால் சிரிக்கிறார்களாம்.

"அது அச்சுல கிடையாது, வாத்தே," என்றாள் கெசையா. "ஜனவரியில வந்ததுல தொட்டியே சரியா இல்லை. உக்காரு, சொல்றேன். மனசுல வாங்கிக்கோ."

"எங்க முதலாளி புத்தகத்தைக் காட்டுன்னு கேட்டா?"

கெசையா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"உங்க முதலாளி ஏதாவது வாசகர் சங்கத்துல இருக்காரா?"

"தலைவர்."

"அப்ப கேக்கமாட்டார்," என்றாள் கெசையா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மழையில் சக்கரம் உடைந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.